புட் ஆஃப்: தள்ளிப்போடுவதும் தள்ளி நிற்பதும்

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா. அன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஆட்சியரின் அறிவிப்பைக் கடைசிவரை படித்தால் இன்னொரு வரியும் இருக்கும்: இந்த விடுமுறையை ஈடுசெய்ய இன்ன சனிக்கிழமை வேலை நாள். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்கும் இப்படித்தான். அன்றைய பாடம் இல்லாமல் போகவில்லை, சனிக்கிழமைக்குப் போயிருக்கிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லப் பெரிய சொல் ஒன்றும் வேண்டாம். "த கிளாசஸ் வேர் புட் ஆஃப் டில் சாட்டர்டே" என்றால் போதும்.

ஆங்கிலம் பேசுகிறவர்களின் அன்றாடப் பேச்சில் அடிக்கடி வந்துபோகும் சொல் இந்த 'புட் ஆஃப்'. நாமோ 'புட் ஆஃப் என்றால் ஒத்திவை' என்று ஒரே பொருளை மனப்பாடம் செய்துகொண்டு அதோடு நின்றுவிடுகிறோம். பிறகு ஒருவர் "த ஸ்மெல் புட் மீ ஆஃப்" என்று சொன்னால், நாற்றம் எப்படி ஓர் ஆளை ஒத்திவைக்கும் என்று திகைக்கிறோம். அந்தத் திகைப்பு வராமல் இருக்க, சொல்லை அடியிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

புட், டேக், கெட், கால் போன்ற ஓர் எளிய வினைச்சொல்லோடு ஆஃப், ஆன், அப், அவுட் போன்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்து, இரண்டுக்கும் தனித்தனியே இல்லாத புதுப் பொருளைத் தந்தால் அதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். தமிழருக்கு இது புதிதல்ல. 'கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்கிறோம். யாரும் கையால் எதையும் தள்ளவில்லை, கீழே போடவுமில்லை. ஆனாலும் கேட்கிறவருக்கு விளங்கிவிடுகிறது. 'போடு' இருக்கும் இடத்தில் புட்டையும், 'தள்ளி' இருக்கும் இடத்தில் ஆஃபையும் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். அதனால் வகுப்பில் நான் 'ஒத்திவை' என்று சொல்லிக்கொடுப்பதில்லை. 'தள்ளிப்போடு' என்றுதான் சொல்வேன். ஒத்திவைப்பில் தேதி மட்டும்தான் இருக்கிறது. தள்ளுவதில் விலக்கமும் இருக்கிறது, அந்த விலக்கம்தான் மற்றப் பொருள்களுக்கெல்லாம் வழி.

ஆஃப் என்றால் ஒன்றை ஒட்டியிருந்தது அதைவிட்டு விலகுவது. குளச்சல் கடற்கரையில் வள்ளத்தைத் தள்ளி இறக்குவதைக் கொஞ்சம் நின்று பார்த்தால் இது கண்ணில் படும். பல பேர் இருபக்கமும் தோள் கொடுத்து, ஓர் அலை வந்து அடியில் தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, ஒரே மூச்சாகத் தள்ளுவார்கள். அதுவரை மணலைப் பிடித்துக்கொண்டிருந்த வள்ளம் சட்டென்று கரையை விட்டுவிடும். ஆங்கிலத்தின் பழைய கடல் வழக்கில் இதற்கும் புட் ஆஃப் என்றே பெயர்: "த போட் புட் ஆஃப் ஃப்ரம் த ஷோர்." இன்றைய பேச்சில் இது அரிது, பழைய கதைகளில் வரும். ஆனால் இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. எதை, எதிலிருந்து விலக்குகிறோம் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் போதும்.

முதலில் காலத்தில் விலக்குவது. இங்கேதான் பலர் புட் ஆஃபையும் கால் ஆஃபையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கன்னியாகுமரி படகுத்துறையில் இந்த வேறுபாடு அடிக்கடி தேவைப்படும். விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கும். சில நாள் கடல் நீர்மட்டம் தாழ்ந்துவிடும், சில நாள் காற்று பலமாக இருக்கும். அப்போது வரிசையில் நிற்பவர்களுக்கு "இப்ப கிடையாது" என்று பதில் வரும். தமிழில் அந்தப் பதிலுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கொஞ்சம் கழித்து விடுவார்கள் என்பது ஒன்று, இன்றைக்கே இல்லை என்பது இன்னொன்று. வெளியூர்க்காரர் ஒருவர் நம்மிடம் ஆங்கிலத்தில் விசாரித்தால் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். 10 மணிக்கு விடுவார்கள் என்றால் "இட்ஸ் புட் ஆஃப் டில் டென்." அன்று முழுவதும் கிடையாது என்றால் "இட்ஸ் கால்ட் ஆஃப் ஃபார் டுடே." முதல் பதிலைக் கேட்டவர் ஒரு சாயா குடித்துவிட்டு அங்கேயே காத்திருப்பார். இரண்டாவதைக் கேட்டவர் சுசீந்திரத்துக்கு பஸ் ஏறிவிடுவார்.

புட் ஆஃப் என்றால் விஷயம் உயிரோடு இருக்கிறது, நாள் மட்டும் மாறியிருக்கிறது. கால் ஆஃப் என்றால் கைவிட்டாயிற்று. கல்யாணம் 'புட் ஆஃப்' ஆனால் மண்டபத்துக்கு வேறு தேதி கேட்கலாம். 'கால்ட் ஆஃப்' ஆனால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் சொன்னால் குடும்பங்களுக்குள் வீண் பேச்சு வரும் என்பதால், இந்த ஒரு வேறுபாட்டையாவது தொடக்கத்திலேயே உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்தில் வழக்கை ஒத்திவைப்பது கொஞ்சம் வேறு. ஏற்கெனவே நடந்துவரும் விசாரணையை நிறுத்தி, இன்னொரு நாள் தொடர்வோம் என்பதற்கு ஆங்கிலத்தில் அட்ஜர்ன் என்ற தனிச்சொல் உண்டு. தமிழ்ச் செய்தியில் எல்லாமே ஒத்திவைப்புதான். ஒத்திவைப்பதற்கு நேர் எதிராக, நாளை முன்னே கொண்டுவருவதற்கு நாம் தாராளமாகப் பயன்படுத்தும் 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலம். இந்தியாவுக்குள் யாரிடமும் சொல்லலாம், எல்லோருக்கும் விளங்கும். இங்கிலாந்துக்காரரிடம் பேசும்போது 'பிரிங் ஃபார்வர்ட்' என்று சொல்லுங்கள்.

இனி வாக்கியத்தில் வைப்பது எப்படி என்று பார்ப்போம். எந்த நாளுக்குத் தள்ளினோம் என்றால் 'டில்' அல்லது 'அன்டில்' போட வேண்டும்: "புட் ஆஃப் டில் மண்டே." எவ்வளவு காலம் தள்ளினோம் என்றால் 'ஃபார்': "புட் ஆஃப் ஃபார் எ வீக்." திங்கட்கிழமைக்கு என்று நினைத்துக்கொண்டு 'புட் ஆஃப் ஆன் மண்டே' என்று சொல்லிவிட்டால், தள்ளிப்போடும் முடிவைத் திங்கட்கிழமை எடுத்தார்கள் என்றுதான் ஆகும்.

தள்ளப்படும் பொருளின் பெயரை ஆஃபுக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். "வீ புட் ஆஃப் த மீட்டிங்", "வீ புட் த மீட்டிங் ஆஃப்" இரண்டும் சரி. ஆனால் இட், தெம் போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: "வீ புட் இட் ஆஃப்." 'வீ புட் ஆஃப் இட்' என்று யாரும் சொல்வதில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கடைசியில் நிற்கும் ஆஃபின் மேல்தான் குரல் அழுந்தும். அந்த அழுத்தம் இல்லாமல் சொன்னால் வாக்கியம் பாதியில் நின்றதுபோல் இருக்கும்.

ஒரு செயலைத் தள்ளிப்போட்டோம் என்று சொல்லும்போது அடுத்து வரும் வினை 'இங்' விகுதியோடு வர வேண்டும். இதற்கு நம் மாவட்டத்து ரப்பர் தோட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். ஆனால் இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டி என்ன பயன்? பால், வெட்டிய சாலில் ஒழுங்காக இறங்காமல் ஈரப் பட்டையில் பரவி வழிந்துவிடும், சிரட்டையில் மழைத்தண்ணீரும் சேரும். அதனால் பட்டை காயும்வரை காத்திருப்பார்கள். "தே புட் ஆஃப் டேப்பிங் அன்டில் த பார்க் வாஸ் டிரை." இங்கே 'டேப்பிங்' என்றுதான் வரும். 'புட் ஆஃப் டு டேப்' என்பது தவறு. 'வெட்டுவதற்கு' என்று தமிழில் யோசிப்பதால் நமக்கு 'டு' தானாக வந்துவிடுகிறது. 'வெட்டுவதைத் தள்ளிப்போட்டார்கள்' என்று யோசித்தால் 'டேப்பிங்' தானாக வரும்.

தள்ளிப்போட முடியாததற்கும் ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் வந்திறங்கும் பிச்சியும் அரளியும் சாயங்காலம்வரை பொறுக்காது. "யூ கான்ட் புட் ஆஃப் செல்லிங் ஃப்ளவர்ஸ்." மறுபடியும் பாருங்கள், 'செல்லிங்'.

காலம் காட்டுவதும் எளிது. புட்டுக்கு நிகழ்காலம், இறந்தகாலம், முடிந்த வடிவம் எல்லாம் ஒன்றே. ஹீ, ஷீ வந்தால் நிகழ்காலத்தில் மட்டும் 'புட்ஸ்'. "ஹீ புட்ஸ் ஆஃப் எவ்ரிதிங்" என்றால் எதையும் தள்ளிப்போடுவது அவர் வழக்கம். "ஹீ புட் ஆஃப் த ட்ரிப்" என்றால் ஒருமுறை நடந்து முடிந்தது. ஓர் எழுத்தில் ஆளின் குணமே மாறிவிடுவதால் கவனமாகக் கேட்க வேண்டும்.

அடுத்து, ஆளையே விலக்குவது. வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் ஜன்னலுக்காக ஆசாரியைத் தேடிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஜன்னல் எப்ப வரும் ஆசாரியே?"

"ஓணம் கழியட்டும் அண்ணாச்சி, முதல் வேல உங்களுக்குத்தான்."

ஓணம் கழிந்தபின் போனால், மரம் இன்னும் காயவில்லை என்பார். அதற்கடுத்து, கூட வேலை செய்யும் பையன் ஊருக்குப் போயிருப்பான். இப்படிச் சாக்குச் சொல்லி இழுத்தடிப்பதற்கும் புட் ஆஃப்தான்: "ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்." நடுவில் 'மீ' இருப்பதைக் கவனியுங்கள். அங்கே 'இட்' இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுகிறார், 'மீ' இருந்தால் என்னை அலைக்கழிக்கிறார். நடப்பது ஒன்றுதான், சொல்கிறவரின் மனக்குறை எங்கே இருக்கிறது என்பது வேறு. என்ன சாக்கு என்றும் சொல்ல வேண்டுமானால் 'வித்' சேர்த்தால் போதும்: "ஹீ புட் மீ ஆஃப் வித் எக்ஸ்க்யூசஸ்." கடன் கொடுத்தவர், வாடகை கேட்பவர், சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறவர், எல்லோருக்கும் உதவும் வாக்கியம் இது.

மூன்றாவது பொருள்தான் தமிழ் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது, அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். மனம் ஒன்றிலிருந்து விலகிப்போவது. கருவாடு காயும் கடற்கரை வழியாக வருகிற சுற்றுலாப் பயணிக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாமல் சாப்பாட்டு ஆசையே போய்விடலாம். "த ஸ்மெல் புட் ஹிம் ஆஃப்." நம் ஊர்க்காரருக்கு அதே வாடை பசியைக் கிளப்பும் என்பது வேறு விஷயம். மரச்சீனிக் கிழங்கோடு சாளைக் குழம்பை விரும்பிச் சாப்பிட்டுவந்த ஒருவர், ஒருநாள் கெட்டுப்போன சாளை தின்று வயிறு கலங்கியபின் சாளைப் பக்கமே போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது: "இட் புட் மீ ஆஃப் சார்டீன்ஸ்." இங்கே ஆஃபுக்கு முன்னால் ஆள், பின்னால் அவர் விலகிப்போன பொருள். "தட் டீச்சர் புட் மீ ஆஃப் மேத்ஸ்" என்பதும் இதே அமைப்பு. கணக்கு வராமல் போனதற்கு அந்த ஆசிரியரே காரணம் என்று சொல்லிவிடுகிறது.

இந்த விலக்கத்தின் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். அகராதியில் 'வெறுக்கச் செய்' என்று பார்த்துவிட்டுச் சிலர் இதைக் கடுமையான சொல் என்று நினைக்கிறார்கள். அந்த அளவு கடுமை இதில் இல்லை. 'ஒரு மாதிரி ஆயிட்டு', 'மனசு விட்டுப்போச்சு' என்று நாம் சொல்வோமே, அந்த அளவுதான். குமட்டிக்கொண்டு வந்தால் டிஸ்கஸ்ட் என்ற வேறு சொல் இருக்கிறது. ஹோட்டலில் மேசை துடைக்காமல் இருந்ததால் அடுத்த கடைக்குப் போனோம் என்றால் புட் ஆஃப் போதும். அந்த மேசையை 'ஆஃப்-புட்டிங்' என்றும் சொல்வார்கள். சொல்லின் இரண்டு பாதிகளும் இடம் மாறிப் பெயரடை ஆகிவிட்டன.

இதே பொருளில் தைரியம் சொல்லவும் இது பயன்படும். மகாசிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓட ஆசைப்படுகிற ஒருவர் 12 கோயில்கள், அவ்வளவு தூரம் என்று கேட்டுத் தயங்கினால், "டோன்ட் பி புட் ஆஃப் பை த டிஸ்டன்ஸ்" எனலாம். தூரத்தைக் கேட்டுப் பின்வாங்கிவிடாதே என்று பொருள். ஆங்கிலம் கற்கத் தொடங்குகிறவர்களுக்கும் நான் இதையே சொல்வேன்: "டோன்ட் பி புட் ஆஃப் பை த கிராமர்."

கவனத்தை விலக்குவது நான்காவது. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து என்றால் உயிர். பெனால்டி அடிக்க ஒருவர் ஓடிவரும்போது எதிரணி ஆதரவாளர்கள் கூச்சல் போடுகிறார்கள், பந்து கம்பத்துக்கு மேலே போகிறது. "த நாய்ஸ் புட் ஹிம் ஆஃப்." இது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் வேறு சொல்லைத் தேடுவார்கள்.

விளக்கை அணைப்பதற்கு 'புட் ஆஃப் த லைட்' என்று நம் வீடுகளில் சொல்வது பழைய வழக்கின் தொடர்ச்சி. தவறில்லை, ஆனால் இன்று 'ஸ்விட்ச் ஆஃப்', 'டர்ன் ஆஃப்' இரண்டுமே இயல்பு. இதைவிடப் பழையது, உடையையும் செருப்பையும் கழற்றுவது. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் எரியும் புதருக்கு முன்னால் மோசேயைக் காலணியைக் கழற்றச் சொல்லும் இடத்தில் புட் ஆஃப்தான் வருகிறது. இன்று அதற்கு 'டேக் ஆஃப்'. ஆலயத்தில் பழைய ஆங்கில வாசகம் கேட்டுப் பழகியவர்களுக்கு மட்டும் இது உதவும்.

கடைசியாக, நம் மாவட்டத்திலிருந்து வெளிநாடு போகத் தயாராகும் செவிலியர்களுக்காக ஒரு வார்த்தை. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் எழுதும் கடிதத்தில் புட் ஆஃப் வேண்டாம். அது பேச்சுச் சொல். 'த சர்ஜரி வாஸ் போஸ்ட்போன்ட்' என்று எழுதுங்கள். ஆனால் அதே தேர்வின் பேச்சுப் பகுதியிலும், அப்புறம் வார்டிலும், நோயாளியின் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் புட் ஆஃப்தான். நோயாளியின் மகளிடம் போனில் சொல்லும்போது "இட்ஸ் பீன் புட் ஆஃப் அன்டில் தர்ஸ்டே" என்றால் அவருக்கு இதமாக இருக்கும். கூடவே ஏன் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பதற்றமும் குறையும்.

ஒரு வயதான நோயாளி "ஐ'வ் பீன் புட்டிங் இட் ஆஃப்" என்று சொன்னால், ஆஸ்பத்திரிக்கு வருவதை இத்தனை நாளும் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று பொருள். அதைக் கேட்டதும் வலி இன்று நேற்று தொடங்கியதில்லை என்று புரிந்துகொண்டு, எவ்வளவு நாளாக என்று கேட்க வேண்டும்: "ஹௌ லாங் ஹாவ் யூ பீன் புட்டிங் இட் ஆஃப்?" அவர் பதில் சொன்னபின் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "வாட் புட் யூ ஆஃப் கமிங்?" வரவிடாமல் உங்களைத் தயங்கவைத்தது எது? முதல் கேள்வியில் இருப்பது காலம், இரண்டாவதில் இருப்பது மனம். ஊசிப் பயமா, செலவா, முன்பு யாரோ கடுமையாகப் பேசியதா என்பது அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வெளியே வரும்.